பின்னால் நான்கு டயர்: மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பட்டர்வொர்த்தில் லோரி டயர் வேலையில் 26 ஆண்டுகள் இருந்தேன். இப்போது பழைய கோஸ்டர் மினிபஸ் ஒன்றை வீடாக்கி, மனைவியோடு தீபகற்பத்தைச் சுற்றி வருகிறேன். பினாங்குப் பக்கமிருந்தும் கோலாலம்பூர் பக்கமிருந்தும் வந்த கேள்விகளில் டபுள் டயர், அதாவது பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர், பற்றியவை மட்டும் இங்கே.

அண்ணே, நாங்கள் ஐந்து பேர். மோட்டார்ஹோம் என்றால் பின்னால் டபுள் டயர்தான் பாதுகாப்பு என்கிறார்கள். ஒற்றை டயர் வண்டி வாங்கினால் தப்பா? (செந்தூல்)

தப்பே இல்லை தம்பி. எத்தனை டயர் என்று எண்ணுவதற்கு முன்னால், பின் அச்சில் எவ்வளவு எடை உட்காரப் போகிறது என்று பாருங்கள். டபுள் டயர் வந்ததே அந்த எடைக்காகத்தான்.

டயரின் பக்கவாட்டில் 107/105 என்பது போல, தாங்கும் சுமைக்கான இரண்டு குறியீட்டு எண்கள் இருக்கும். முதல் எண் அந்த டயரைத் தனியாகப் போட்டால், இரண்டாவது ஜோடியாகப் போட்டால். 107 என்றால் 975 கிலோ, 105 என்றால் 925 கிலோ. அப்படியானால் பின்னால் நான்கு டயரும் சேர்ந்து 3,700 கிலோ தாங்கும். ஒற்றை டயர் வண்டிக்குப் பெரிய டயர் வரும். அதில் 118 என்று இருந்தால் ஒன்றுக்கு 1,320 கிலோ, இரண்டும் சேர்ந்து 2,640. இது டயரின் கணக்கு மட்டும். அச்சின் வரம்பு தனி, அது வண்டியின் தகட்டில் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

குளியலறை, பெரிய தண்ணீர்த் தொட்டி, ஏர்கோன், ஐந்து பேர் என்று போனால் நான் டபுள் டயர் பக்கம்தான் நிற்பேன். இரண்டு பேர், சின்ன வேன் என்றால் ஒற்றை டயரே போதும். கூடுதல் இரண்டு டயர், இரண்டு ரிம் இரும்பைச் சும்மா சுமக்க வேண்டாம்.

எடை எடை என்கிறீர்கள், வீட்டில் எப்படி எடை போடுவது? (ஆயர் ஈத்தாம்)

பழைய இரும்பு வாங்கும் இடத்திலும் செம்பனை ஆலையிலும் லோரி ஏற்றி எடை போடும் மேடை இருக்கும். கூட்டம் இல்லாத நேரமாகப் போய்ப் பணிவாகக் கேளுங்கள். தண்ணீர் நிரப்பி, கேஸ் தோம்பு வைத்து, குடும்பத்தோடு போங்கள். வெறும் வண்டியின் எடை உங்களுக்கு உதவாது. முழு வண்டியை ஒருமுறை, பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொருமுறை போடுங்கள்.

ஏன் பின் அச்சைத் தனியாகப் போடச் சொல்கிறேன் தெரியுமா? பலர் வண்டியின் வாலில் தாங்கி வைத்து ஒரு கப்சாய், அதாவது சின்ன மோட்டார்சைக்கிள், ஏற்றுகிறார்கள். கப்சாய் 110 கிலோ, பின் அச்சுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்கிறது, இரண்டு அச்சுக்கும் இடையே 3.5 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சில் ஏறுவது 110 அல்ல, ஏறக்குறைய 173 கிலோ. மீதி 63 கிலோ முன் சக்கரத்திலிருந்து தூக்கப்படுகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

டோல், லைசென்ஸ் இரண்டிலும் வித்தியாசம் உண்டா? (பெட்டாலிங் ஜெயா)

உண்டு அக்கா. நம் நாட்டு டோலில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் 1ஆம் வகுப்பு. இரண்டு அச்சு, ஆறு சக்கரம் என்றால் 2ஆம் வகுப்பு, கட்டணம் கூடும். டபுள் டயர் எடுத்தால் பினாங்குப் பாலத்திலும் நெடுஞ்சாலையிலும் அந்தக் கணக்குத்தான். ஃபெரியில் போகலாம் என்று நினைக்காதீர்கள், 2021இலிருந்து அதில் மோட்டார்சைக்கிள், சைக்கிள், ஆட்கள் மட்டும்தான்.

லைசென்ஸ் எடையைப் பொறுத்தது, சக்கரத்தை அல்ல. சுமை இல்லாத எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் 'டி' போதும். அதைத் தாண்டினால் 'ஈ' வகை வேண்டும். வீடாக மாற்றிய பிறகு கட்டில், அலமாரி எல்லாம் அந்த எடையில் சேர்ந்துவிடும். லோரி கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இருந்த பழைய எண்ணை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் இருக்கிறதா, கிராண்டில் புது எடை ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு பேசுங்கள்.

உள் டயரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா ஐயா? (பாலேக் பூலாவ்)

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் பார்த்த டபுள் டயர் சேதங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பித்தன.

கிரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச் சாலையில் ஒருமுறை பண்டிங்கில் தேநீருக்கு நிறுத்தினேன். நிறுத்தினால் டயரைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். முன் இரண்டும் வெதுவெதுப்பு, இடது பின்னும் அப்படியே. வலது வெளி டயரில் கை வைத்தவுடன் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. பார்க்க நன்றாகத்தான் நின்றது. குனிந்து டார்ச் அடித்தால் உள் டயரில் காற்றே இல்லை. அதன் சுமையையும் வெளி டயர்தான் இழுத்து வந்திருக்கிறது. உள் வால்வுக்கு நான் மாட்டியிருந்த ரப்பர் குழாய், ரிம் ஓட்டையில் உரசி உரசி மெல்லக் கசிந்திருந்தது.

வெளி டயர் நிமிர்ந்து நிற்பதால் உள் டயர் தட்டையானது வெளியே தெரியாது, ஓட்டும் போதும் தெரியாது. சுத்தியலால் தட்டி 'டங்' என்று கேட்டால் சரி என்பது லோரிக்காரர்கள் பழக்கம். அது முழுக்கக் காற்றுப் போன டயரைத்தான் காட்டிக்கொடுக்கும், பாதி குறைந்ததைக் காட்டாது. காற்றழுத்த மீட்டர் வைத்துப் பாருங்கள், காலையில், வண்டி ஓடுவதற்கு முன். வெயிலில் ஓடிய பிறகு அழுத்தம் ஏறியிருக்கும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

வாங்கும்போதே உள் வால்வுக்குக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாயை விட, விறைப்பான உலோக வால்வு நல்லது. இரண்டு டயரின் வால்வும் எதிரெதிராக இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். ஆறு சக்கரத்துக்கும் அழுத்தம் காட்டும் கருவி போட முடிந்தால், சோலார் தகட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

அப்புறம் ஜோடிக்கு நடுவில் கல் சிக்கும். தோட்டச் செம்மண் பாதையில் இறங்கி ஏறினால் கட்டாயம் பாருங்கள். சிக்கிய கல் இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அறுத்துவிடும்.

ஒரு டயர் வெடித்தால் இன்னொன்று தாங்குமாமே? (பிறை)

ஓரம் கட்டும் வரை தாங்கும். பின் அச்சில் 3,000 கிலோ என்றால் ஒரு பக்கத்துக்கு 1,500. அந்த 975 கிலோ டயர் ஒன்றே அதைச் சுமக்கிறது. மெதுவாகப் பாதுகாப்பான இடத்துக்குப் போய் நிறுத்துங்கள், ஈப்போ வரை போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். கூட இருந்த டயரையும் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

வெளி டயரை மாற்ற ஓர் எளிய வழி உண்டு. தடித்த பலகை ஒன்றின்மேல் உள் டயர் மட்டும் ஏறும்படி வண்டியை நகர்த்தினால் வெளி டயர் தரையை விட்டு எழும்பும்.

மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். அங்கே ஐவெகோ டெய்லி வேனில் 35எஸ், 35சி என்று இரண்டு காட்டுகிறார்கள். எதை எடுக்கச் சொல்வது? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

எஸ் என்றால் பின்னால் ஒற்றை, சி என்றால் ஜோடி. இரண்டிலும் அந்த 35 என்பது மொத்த எடை 3.5 டன் என்பதைக் குறிக்கிறது. ஆக, ஜோடி டயர் போட்டதால் அதிகம் ஏற்றலாம் என்று ஆகாது. பின் அச்சுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், ஆனால் சக்கரங்களின் எடை போக, பொருளுக்கு மிச்சம் குறையும். அங்கே 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்குப் பொதுவாக 3.5 டன்தான் எல்லை, மேலே போக 'சி1' வேண்டும். மகளிடம் அது இல்லையென்றால், பொருளுக்கு மிச்சம் அதிகம் தரும் 35எஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஜப்பான் லோரியில் கட்டிய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. டயரில் பூ (தரையில் படும் வரிப்பள்ளம்) நிறைய இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்? (பாயான் லெப்பாஸ்)

பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டார்ஹோம் நின்றே கிழடாகும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 3218 என்றால் 2018இன் 32ஆவது வாரம். ஏழு ஆண்டு தாண்டியிருந்தால் ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஸ்பேர் டயரின் வயதையும் பாருங்கள். ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்று இருந்தால் உயரமான டயர்தான் சுமையை வாங்கும், அதனால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

இந்த வண்டிகள் பலவற்றில் இடது பக்க நட்டு எதிர்த் திசையில் திரும்பும். தெரியாமல் நீளக் குழாய் போட்டு ஏறி மிதித்து, போல்ட்டை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள் சக்கரத்துக்குத் தனி நட்டு இருக்கும் மாதிரி என்றால், முதலில் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை முறுக்கி, பிறகு வெளி நட்டை முறுக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். நான் பட்டர்வொர்த்தில் மாட்டிக் கிளம்பினால், தைப்பிங் பக்கம் ஓய்விடத்தில் ஸ்பானரோடு இறங்கிவிடுவேன்.