எம்எம்540-க்கு பொலிரோ பின் ஆக்ஸில்: முதலில் பல்லை எண்ணுங்கள்

அஞ்செட்டி மலைப்பாதையில் ஓடும் மஹிந்திரா எம்எம்540 ஃபோர் வீல் ஜீப்புக்கு, கிருஷ்ணகிரியில் கிடைக்கும் பழைய பொலிரோ பின் ஆக்ஸிலை மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டலாம் நண்பரே. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) கவரைக் கழற்றிப் பல்லை எண்ணிவிடுங்கள். கிரவுன் (பெரிய பல்சக்கரம்) 43, பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) 8 என்றால் விகிதம் 5.38, 39-க்கு 8 என்றால் 4.88. முன் ஆக்ஸிலும் அதே விகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் இழுபறிதான். தார் ரோட்டில் ஃபோர் வீல் லிவர் திரும்ப வராது, கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பல் போகும்.

டிஃபரன்ஷியல் குண்டு நடுவில் இருக்கிறதா, ஒதுங்கியிருக்கிறதா என்று உங்கள் பழைய பின் ஆக்ஸில், பொலிரோ ஆக்ஸில் இரண்டிலும் பாருங்கள். மாறியிருந்தால் ஷாஃப்ட் கோணலாக ஓடி, அதன் முனையில் மடங்கும் மூட்டான யூ ஜாயிண்டைத் தின்னும்.

ஸ்பிரிங் உட்காரும் தட்டை (ஸ்பிரிங் சீட்) ஆக்ஸிலில் வெல்டிங் செய்வதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கியபின், பினியன் முகத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ் முகத்துக்கு இணையாக வைத்துப் புள்ளி வெல்டு மட்டும் போடுங்கள். பிறகு கழற்றி, ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அங்கே என்று ஆறவிட்டு முடியுங்கள். ஒரே மூச்சில் வெல்டை ஓட்டினால் சூட்டில் ஆக்ஸில் குழாய் வளையும். பேரிங்கும் ஆயில் சீலும் நிற்காது.

ஆக்ஸிலின் காற்றுப் போக்கியான பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் அதன் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் இறங்கும். இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று ஆர்டிஓவிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.