கடைசிப் பிரிவைப் படித்தீர்களா?

கேள்வி: சிகரெட் கம்பெனிகளை எப்போதும் வில்லனாகவே காட்டுகிறீர்கள். 1994-இல் கலிபோர்னியா மாநிலம் முழுமைக்கும் ஒரே சீரான புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேண்டும் என்று அதே கம்பெனிகள் சொந்தப் பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்தன. எதிர்த்தது யார் தெரியுமா? புற்றுநோய்ச் சங்கம்! ஊருக்கு ஒரு விதி என்று குழம்புவதைவிட மாநிலத்துக்கு ஒரு விதி நல்லதில்லையா?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு தகவல்களும் சரி. கம்பெனிகள் ஆதரித்தன, புற்றுநோய்ச் சங்கம் எதிர்த்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நம் ஊரில் சொல்லிக் கேட்ட பிறகும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

188-ஆம் எண் முன்மொழிவு என்பது அதன் பெயர். கலிபோர்னியாவில் போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். கையெழுத்து வாங்கக் கூலிக்கு ஆள் வைக்கலாம், தடையில்லை. மனுவை அட்டையில் செருகிக்கொண்டு கடை வாசலில் நின்றவர்கள், ‘இது புகைபிடிப்பதற்கு எதிரான சட்டம்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என அப்போதே புகார்கள் கிளம்பின. முன்னால் நின்ற அமைப்பின் பெயரும் ‘மாநிலம் தழுவிய புகைக் கட்டுப்பாட்டுக்கான கலிபோர்னியர்கள்’ என்று இருந்தது. பெயரைப் பார்த்தால் யாருக்குத்தான் கையெழுத்துப் போடத் தோன்றாது? பணம் மட்டும் பிலிப் மோரிஸிடமிருந்தும் மற்ற சிகரெட் கம்பெனிகளிடமிருந்தும் வந்தது. 1.5 கோடி டாலருக்கு மேல்.

சட்டத்தின் உள்ளே என்ன இருந்தது? அந்த மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் ஏற்கெனவே தமக்கென்று புகைத் தடை விதிகளைச் செய்து வைத்திருந்தன. மாநிலச் சட்டமன்றமும் அதே ஆண்டு ஜூலையில், உணவகங்கள் உட்பட வேலையிடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றி முடித்திருந்தது. 188 வென்றிருந்தால் அத்தனையும் செல்லாமல் போய், அவற்றைவிடத் தளர்வான ஒரே விதி மாநிலம் முழுவதும் வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் கடுமையாக எந்த ஊரும் தனியே விதி செய்யவும் முடியாது. நீங்கள் பாராட்டும் ‘ஒரே சீர்’ இதுதான்.

மாநிலத்துக்கு ஒரே விதி என்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. குறைந்தபட்சக் கூலி என்று அரசு ஒன்றை அறிவித்தால், அதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று பொருள். கூடுதலாகக் கொடுப்பவரை யாரும் தடுப்பதில்லை. சிகரெட் கம்பெனிகள் எழுதிய சட்டங்கள் இதற்கு நேர் தலைகீழ். இதைவிடத் தளர்த்தக் கூடாது என்பதற்குப் பதிலாக, இதைவிட இறுக்கக் கூடாது என்று எழுதினார்கள். இப்படி உள்ளாட்சிகளின் கையைக் கட்டிப்போடுவதை அமெரிக்கச் சட்டக்காரர்கள் ‘பிரீஎம்ப்ஷன்’ என்பார்கள். பெரும்பாலும் மசோதாவின் கடைசிப் பக்கங்களில், யாரும் வாசிக்காத நடையில், இரண்டு வரியாக அது ஒளிந்திருக்கும். சிறுவர்களுக்கு சிகரெட் விற்பதைத் தடுக்கும் மசோதாக்களில்கூட அதைச் செருகினார்கள். குழந்தைகளைக் காப்பாற்றும் மசோதாவுக்கு எந்த உறுப்பினர் எதிராக வாக்களிப்பார்?

கம்பெனிகளுக்கு மாநிலச் சட்டமன்றத்தின் மேல் ஏன் இத்தனை பாசம்? இதை நான் சொல்வதைவிட, அந்த வேலையைச் செய்தவரே சொன்னதைக் கேளுங்கள். விக்டர் கிராஃபோர்ட் என்பவர் மேரிலாந்து மாநில செனட்டராக இருந்தவர். பதவியை விட்டபின், கம்பெனிகளின் கூட்டு அமைப்பான டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டுக்காக அதே சட்டமன்றத்தில் உறுப்பினர்களைக் கம்பெனிகளின் பக்கம் இழுக்கும் வேலை பார்த்தார். நன்றாகச் சம்பாதித்தார். பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. அவரும் சிறுவயதிலிருந்தே புகைத்தவர். 1995-இல் தொலைக்காட்சியிலும் மருத்துவ இதழிலும் எல்லாவற்றையும் கொட்டினார். மாநில அளவில் சுகாதார அமைப்புகளால் தன்னோடு போட்டியிட முடியாது. ஊர் அளவில் தன்னால் அவர்களோடு போட்டியிட முடியாது. அதனால் களத்தை மேலே இழுத்துக்கொண்டு போவதுதான் தங்கள் முதல் வேலையாக இருந்தது என்றார். மறு ஆண்டே இறந்துவிட்டார்.

அவர் சொன்னதில் நுட்பமான தந்திரம் எதுவும் இல்லை, வெறும் கணக்குதான். நகர மன்ற உறுப்பினரை மறுநாள் காலை காய்கறிக் கடையில் பிடித்துக் கேட்கலாம். ஆஸ்துமாப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாய், மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசினால் அங்கே பதில் சொல்லித்தான் தீர வேண்டும். மாநிலத் தலைநகரம் அப்படியில்லை. குழுத் தலைவர் ஒருவரின் மேசையில் மசோதா ஆறு மாதம் தூங்கும். அவருக்குத் தேர்தல் நன்கொடை வேண்டும். அந்தத் தாய்க்குத் தலைநகரம் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். கம்பெனியின் ஆளோ அங்கேயே அலுவலகம் போட்டிருக்கிறார். நூறு ஊர்களில் நூறு சண்டை போடுவதைவிட ஒரு கட்டடத்துக்குள் ஒரே சண்டையை முடிப்பது மலிவு.

கம்பெனிகள் ஊர் அளவில் சண்டை போட்டுப் பார்க்காமலும் இல்லை. 1987-இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை போட்டது. உடனே ‘பெவர்லி ஹில்ஸ் உணவகச் சங்கம்’ என்று ஒன்று முளைத்து, வியாபாரம் 30 சதவீதம் விழுந்துவிட்டதென்று கூக்குரலிட்டது. சில மாதங்களில் நகரம் தடையைத் தளர்த்தியது. பிற்பாடு விற்பனை வரிக் கணக்கைப் பார்த்தபோது அப்படி எந்தச் சரிவையும் காணோம். ஆனால் அந்த 30 சதவீதம் மட்டும் எந்த ஊரில் தடை பற்றிப் பேச்செடுத்தாலும் முன்னால் வந்து நின்றது. ஏழு ஆண்டுகள் கழித்து, நியூயார்க் நகர மன்றம் இதே விவாதத்தில் இருந்தபோது, அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவரே கடிதம் எழுதினார்: தடை வருவதற்கு முன் அப்படி ஒரு சங்கமே கிடையாது, எங்களைத் திரட்டியது புகையிலைத் தொழில்தான் என்று. பரவாயில்லை, ஒருவருக்காவது மனம் உறுத்தியது.

இதெல்லாம் என் கற்பனை என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். 1998-இல், மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகள் மேல் போட்ட வழக்குகளின் முடிவில் அவற்றின் உள்கடிதங்கள் இலட்சக்கணக்கான பக்கங்கள் பொதுவுக்கு வந்தன. டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டும் கலைக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் அந்தக் கடிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பக்க ஓரத்தில் எண் முத்திரையோடு, எந்த மாநிலத்தில் எந்த மசோதா, யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் திருத்தத்தைச் செருக வேண்டும் என்று குமாஸ்தாக் குறிப்பு போலச் சாவகாசமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து படித்தால் போதும், உங்கள் கருணை வற்றிவிடும்.

188-க்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. தோற்றது. நூற்றுக்கு எழுபது பேர் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்புக்கு முன் ஒரு விளம்பரம் வந்தது. அதில் வாதமே கிடையாது. யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று இரண்டு பட்டியல்கள் மட்டும். ஒரு பக்கம் சிகரெட் கம்பெனிகள், மறுபக்கம் புற்றுநோய்ச் சங்கமும் அதைப் போன்றவையும். நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கும் அதே தகவலைப் பார்த்துத்தான் கலிபோர்னியக்காரர்கள் முடிவெடுத்தார்கள்.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2022 டிசம்பரில் ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸ், வாசனை சேர்த்த புகையிலைப் பொருள்களை விற்கத் தடை விதித்தது. அதே மாதம் மாநிலச் சட்டமன்றம், நகரங்கள் இப்படித் தடை போடக் கூடாது என்று மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் டிவைன் தம் கட்சிக்காரர்களின் மசோதா என்றும் பாராமல் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள், அதையும் வெட்டினார். 2024 ஜனவரியில் அவர் வெட்டியதை மீறி நிறைவேற்றிவிட்டார்கள். கொலம்பஸும் வேறு சில நகரங்களும் வழக்குப் போட்டன, நீதிபதி அந்தச் சட்டத்தை நிறுத்தி வைத்தார். மசோதாவை ஆதரித்தவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஊருக்கு ஒரு விதி இருந்தால் குழப்பமாம், மாநிலம் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டுமாம்.