உடம்பு துடைத்துவிடுவதும் செவிலியர் வேலைதான், அம்மிணி

கோவையில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுப் பெருந்துறையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருக்கும் உங்களை, இங்கே செவிலியராக வேலை செய்யத் தேவையான பதிவு எண் வரும்வரை முதியவர்களைக் குளிப்பாட்டவும் உணவு ஊட்டவும் விட்டிருக்கிறார்கள் என்றும், ஊரில் ஆயாக்கள் செய்த இந்த வேலையில் சேவை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, இட்லி அரிசி, ஓட்டுநர் உரிமம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்திய உரிமத்தோடு 12 மாதம் வண்டி ஓட்டலாம். மற்றவற்றுக்குப் பதில் சொல்ல இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

நம் ஊர் மருத்துவமனையில் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்தான் நோயாளிக்கு முகம் கழுவிவிட்டுக் கஞ்சி ஊட்டுவார். செவிலியருக்கு ஊசியும் மருந்தும் கேஸ் ஷீட்டும் மட்டுமே. இங்கே அந்தச் சொந்தக்காரர் பார்வை நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆகவே குதிகாலிலும் முதுகின் அடியிலும் தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்பதைத் துடைத்துவிடும் கைதான் முதலில் அறிகிறது. நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். ஊட்டும்போது இருமல் வந்து குரல் ஈரமாக மாறினால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டியவரும் நீங்கள்தான்.

பதிவு வரும்வரை பல்லைக் கடித்துக்கொள், பிறகு இதையெல்லாம் உதவியாளர்கள் தலையில் கட்டிவிடலாம் என்று சொல்லும் நம்மவர்களிடம் சற்று விலகியே இருங்கள். கோபி கல்யாண மண்டபத்தில் தங்கள் வேலையை 'மேற்பார்வை' என்று சொல்லிக்கொள்ளும் இவர்களுக்குச் சரவணம்பட்டி அடுக்ககத்தின் தவணையைத் தவிர இந்த வேலையில் வேறெதுவும் பிடித்ததாக நான் கண்டதில்லை.

அதே சமயம், சேவை என்று சொல்லி உங்களை வளைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இருவர் சேர்ந்து இயக்க வேண்டும் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கும் ஹாய்ஸ்ட்டை (நோயாளியைத் தூக்கி இடம் மாற்றும் கருவியை), ஆள் இல்லை என்பதற்காகத் தனியாக இயக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று நம் பக்கத்தில் பழக்கி வளர்த்திருக்கிறார்கள். ஆனால், நோயாளிக்கு ஆபத்து என்று கண்டால் வாய் திறந்தே ஆக வேண்டும் என்று பதிவு பெற்ற செவிலியருக்கான நடத்தை நெறியே கட்டளையிடுகிறது. வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் வேலைக்கு வந்த தோழிகள் இருந்தால், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேரும் என்று சொல்லுங்கள். வேலை வாங்கித் தருவதற்கு லட்சக்கணக்கில் கேட்கும் ஊர் ஏஜென்டுகளைப் பற்றியும் எச்சரியுங்கள். ஆளெடுப்புக்காக விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதை பிரிட்டிஷ் அரசின் நெறிமுறை தடை செய்கிறது.

நான் 2003-இல் லங்காஷயருக்கு வந்தபோது, பதிவு பெற நீங்கள் இப்போது தேற வேண்டிய ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வெல்லாம் கிடையாது. மேற்பார்வையில் மாதக்கணக்கில் வேலை பார்த்து, கையெழுத்து வாங்கினால்தான் பதிவு. என் உச்சரிப்பு புரியவில்லை என்று தொலைபேசியை எடுக்கவே விடாமல், குளியலறைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கேதான், பருத்தி ஆலைத் தறிகளின் இரைச்சலில் காது மந்தமாகிப்போன மூதாட்டிகள் என் பொறுப்பில் வந்தார்கள். அந்த ஆலைகளில் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். சோமனூரில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்த எனக்குச் சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசுவது புதிதல்ல. ஆங்கிலச் சொற்களை நிதானமாக அசைத்தேன், அவர்களுக்குப் புரிந்தது. உச்சரிப்பைக் குறை சொன்ன சிஸ்டரே பிறகு அவர்களிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் அழைத்தார். அறுவை அரங்குக்கு மாறும் வாய்ப்பு வந்தபோதும் நான் முதியோர் பிரிவை விட்டுப் போகவில்லை.

ஆஸ்கியில் உங்கள் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டு, கை கழுவிய பிறகே நோயாளியைத் தொட வேண்டும். தினமும் காலையில் நீங்கள் செய்துவருவதும் இதுதான். பணம் கட்டித் தனி வகுப்பில் சேருவதற்கு முன், உங்கள் மருத்துவமனையிலேயே பயிற்சி தரும் செவிலியரைக் கேட்டுப் பாருங்கள்.