ஜப்பானிய அனிமேஷனான அனிமேயில் வரும் ‘யான்டெரே’ என்பது மனநோயா? அது ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறது?

காதல் முற்றி, காதலனை அடைத்து வைக்கவும் குறுக்கே வருபவரைக் கொல்லவும் துணியும் கதாபாத்திர வகையே யான்டெரே. நோயுறுவதைக் குறிக்கும் ‘யாமு’, காதலில் குழைவதைக் குறிக்கும் ‘தெரெதெரெ’ என்ற ஜப்பானியச் சொற்களின் ஒட்டு அது. 2006இல் தொடங்கிய ‘மிராய் நிக்கி’ என்ற மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) நாயகி காசாய் யூனோ இதற்குப் பேர்போன முகம்.

தொடர் மங்காவில் ஒரு பாத்திரம் சில பக்கங்களுக்குள் மனத்தில் பதிய வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என்ன கடை என்று தெரிந்துவிடுவது போல, வெறித்த கண்ணும் கையில் கத்தியும் அந்த வேலையைச் சட்டென முடித்துவிடுகின்றன. பெண் என்றால் மென்மை என்ற எதிர்பார்ப்பு இருப்பதால்தான், சீருடையில் சிரிக்கும் மாணவி கத்தியெடுப்பது கூடுதலாகத் திடுக்கிட வைக்கிறது. இதே வெறி ஆணுக்கு வந்தால் பெரும்பாலும் அவன் வில்லன், அவளோ ரசிக்கப்படுகிறாள். எனக்கு உறுத்துவது இதுதான். யூனோவுக்காவது, பெற்றோர் கூண்டில் அடைத்துப் பட்டினி போட்ட கடந்தகாலம் எழுதப்பட்டிருக்கிறது. பல யான்டெரேக்களுக்கு அதுவும் கிடையாது.

பலர் நினைப்பதுபோல் இது மருத்துவர் சொல்லும் நோயின் பெயர் அல்ல. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறையில் இறங்குவதில்லை, வன்முறைக்கு ஆளாவதே அதிகம்.