இரண்டாம் பாகத்துக்கு என்ன பாக்கி?

அன்புள்ள சார்,

1996ல் ‘இந்தியன்’ வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வந்தபோது நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது எழுபது. வழக்கமாக இடைவேளையில் டீயும் பப்ஸும் வாங்கிக்கொண்டு அதுவரை ஓடிய கதையை ஒரு அலசு அலசுவார். அன்றைக்கு டீ ஆறும்வரை பேசவே இல்லை. அப்புறம், “அந்தப் பொண்ணு பேரு கஸ்தூரிதானே?” என்று கேட்டார். முதல் படத்தின் நாயகன் சேனாபதியின் மகள். அவ்வளவுதான் பேசினார்.

இப்போதெல்லாம் எந்தப் படத்துக்காவது இரண்டாம் பாகம் என்று அறிவிப்பு வந்தால் சந்தோஷமும் வயிற்றில் ஒரு கலக்கமும் சேர்ந்தே வருகின்றன. பழைய படங்களைத் தொடாமல் விட்டால் என்ன? இல்லை, எதிர்பார்ப்போடு போகிற எங்கள் மேல்தான் தப்பா?

உங்கள் வாசகன்,
திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மனதில் தங்கிவிட்ட ஒரு ஆளை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது நல்ல ரசிகனின் குணம். நானும் அந்த ஆசையோடுதான் முதல் வாரமே போனேன். அப்பா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

தீக்காயம்பட்ட மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார் சேனாபதி. லஞ்சம் தர மாட்டேன் என்று நிற்கிறார். மகள் செத்துப்போகிறாள். மகன் சந்துரு பிரேக் இன்ஸ்பெக்டர். காசு வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்கு, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. கொடுக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாகிறார்கள். அந்த மகனையே கடைசியில் அப்பன் குத்துகிறான். நேர்மைக்கு ஒரு மகளையும் ஒரு மகனையும் கொடுத்தாயிற்று. அவர் கதையில் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

படத்தின் முடிவில் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணுகிறார் அல்லவா, ‘அடுத்த பாகத்துக்கு லீட் வெச்சுட்டாங்கடா’ என்று அன்றைக்கே பேசிக்கொண்டுதான் வெளியே வந்தோம். ஆனால் கதவு திறந்து கிடப்பது வேறு, கணக்கில் பாக்கி இருப்பது வேறு. 28 வருடம் கழித்து அந்தக் கதவு வழியாக அவர் திரும்பி வந்தார். பாக்கிதான் இல்லை. இரண்டாம் பாகத்தில் இழப்பு முழுக்க சித்தார்த் நடித்த பையனின் வீட்டில் நடக்கிறது. சேனாபதி அதைத் தூண்டிவிட்டவராக மட்டும் நிற்கிறார். உங்கள் அப்பா கஸ்தூரியைத் தேடியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். ஜீத்து ஜோசப்பின் ‘திருஷ்யம்’, 2013ல் வந்த மலையாளப் படம். அவரே அதைத் தமிழில் ‘பாபநாசம்’ என்று எடுத்தார். (இரண்டு பாகங்களையும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியையும் கடைசிக்கு முந்தைய பத்தியையும் தாண்டிவிடுங்கள்.)

அதில் நாயகன் ஜார்ஜுகுட்டி, தன் மூத்த மகள் தற்காப்புக்காக அடித்ததில் செத்துப்போன ஒரு பையனின் பிணத்தைப் புதைத்த இடம், கட்டிக்கொண்டிருந்த போலீஸ் ஸ்டேஷனின் தரைக்குக் கீழே. கட்டி முடித்த அந்த ஸ்டேஷனுக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நடக்கிறார். படம் முடிந்தது. கதவை இழுத்துப் பூட்டுப் போட்ட முடிவு. லீட் கிடையாது, தொடரும் கிடையாது. ஆனாலும் பாக்கி அந்தத் தரைக்குக் கீழேயே கிடந்தது. 2021ல் இரண்டாம் பாகம் நேராக ஓடிடியில் வந்தபோது, முதல் காட்சியே அந்தப் பழைய ராத்திரிதான். ஒரு கொலையைச் செய்துவிட்டு இருட்டில் ஓடி ஒளிந்த ஒருவன், மண்வெட்டியோடு ஜார்ஜுகுட்டி அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வருவதைப் பார்க்கிறான். நமக்குத் தெரிந்த அதே ராத்திரி, நாம் பார்க்காத ஒரு மூலையிலிருந்து! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். புது வில்லன், புது ஊர், வெளிநாட்டுப் பாட்டு எதுவும் தேவைப்படவில்லை. கேபிள் டிவி நடத்தியவர் இப்போது தியேட்டர் முதலாளி. ஆனால் மூத்த பெண் அஞ்சுவுக்கு போலீஸ் என்றாலே நடுக்கம், வலிப்பு வருகிறது. ஊர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறது. தப்பித்தவர்கள் ஆறு வருடம் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுவதற்காகவே எடுத்த படம் அது.

தொடாமல் விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் இரண்டாம் பாகம் நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1979ல் ‘கல்யாணராமன்’, 1985ல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்று அப்போதே வந்தாயிற்று. 1986 ‘விக்ர’மின் உளவாளியை 36 வருடம் கழித்து லோகேஷ் கனகராஜ் தாடி நரைத்த ஆளாகக் கொண்டுவந்தபோது தியேட்டர் அதிர்ந்ததை நான் நேரில் கேட்டேன். அந்த ஆளுக்கு வயதாகிவிட்டது என்பதையே அவர் கதையாக்கிக்கொண்டார்.

புதிதாகத் திரும்ப எடுப்பதிலும் எனக்கு இதே அளவுகோல்தான். 2007ல் அஜித் நடித்த ‘பில்லா’ 1980 ரஜினி படத்திலிருந்து வந்தது. அந்த 1980 படமும் இந்தி ‘டா’னிலிருந்து வந்ததுதான். செத்துப்போன தாதாவின் இடத்தில் அதே முகமுள்ள ஒருவனை ஒரு போலீஸ் அதிகாரி ரகசியமாக வைக்கிறார். அவரும் செத்துவிட்டால் இவன் யார் என்று சொல்ல ஆளில்லை. இந்த எலும்புக்கூடு எத்தனை தடவை எடுத்தாலும் தாங்கும். எந்தக் காலத்துச் சட்டையும் அதற்குப் பொருந்தும். ஆனால் 2012ல் ‘பில்லா 2’ என்று அவன் எப்படி தாதாவானான் என்ற முன்கதையை எடுத்தார்கள். பில்லாவின் கம்பீரமே அவனுடைய பழைய கதை நமக்குத் தெரியாமல் இருந்ததுதான். விளக்கம் சொன்னதும் ஆள் சின்னவனாகிவிட்டான்.

சில நேரம் மக்கள் கேட்பது புதுப் படமே இல்லை. அதே 2024 ஏப்ரலில் ‘கில்லி’யை மறுபடி வெளியிட்டபோது பார்த்திருப்பீர்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படம். ஒவ்வொரு வசனத்தையும் திரைக்கு முன்னாலேயே ஜனம் சொல்லிவிட்டது. திரும்ப வேண்டும் என்று தோன்றினால் அந்தப் படத்தையே கொடுத்துவிடுவது எவ்வளவு நல்ல காரியம்! ‘இந்தியன்’ அப்படி ஒரு நாள் உங்கள் ஊர்த் திரைக்கு வந்தால் அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

‘திருஷ்யம்’ மூன்றாம் பாகம் என்று செய்தி வந்த அன்று, நீங்கள் சொன்ன அதே கலக்கம் எனக்கும் வந்தது. இரண்டாம் பாகத்தின் கடைசியில் செத்த பையனின் அஸ்தியைப் பெற்றவர்களிடம் சேர்த்துவிடுகிறார் ஜார்ஜுகுட்டி. இனி என்ன பாக்கி என்று நினைத்தேன். அப்புறம் அஞ்சு ஞாபகம் வந்தாள். அந்தப் பெண்ணின் பயம் தீர்ந்ததா என்று இரண்டாம் பாகம் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போவேன்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆமாம், அந்தப் பெண்ணின் பெயர் கஸ்தூரிதான்.