இறக்கத்தில் காட்டிய மைலேஜ்

தம்பி, இங்கே மொரீஷியஸ் வந்து எபேனில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது என்றும், பேருந்தில் போய்வந்து அலுத்துவிட்டதால் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதன் வழிகாட்டித் திரை முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருக்கிறதே, மாற்ற முடியுமா என்பது ஒரு கேள்வி. மைலேஜ் லிட்டருக்கு 31 கிலோமீட்டர் என்று காட்டுகிறதே, நம்பலாமா என்பது இன்னொன்று. கூடவே பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, இட்லி அரிசி. இட்லி அரிசி கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அண்மையில் அலைந்தவர்கள் பதில் சொல்லட்டும். காரை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த 31 என்ற எண்ணைப் படித்தவுடன் எனக்கு 2015ஆம் ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டுதான் நானும் என் முதல் ஹைபிரிட் வண்டியை, அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டியை, வாங்கினேன். விற்றவரின் இடம் கியூர்பிப் பக்கம். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்தார். கிளம்பும் முன், பழைய கணக்கு எதற்கு, புதிதாகத் தொடங்கலாம் என்று சொல்லி, திரையில் இருந்த சராசரியைத் தாமே ஒரு பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினார். அதை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். தலைநகர் போர்ட் லூயிஸ் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்றார், போனோம். இறங்கி நின்றபோது திரை 34 என்றது. ஊரில் டிவிஎஸ் 50 ஓட்டி வளர்ந்தவனுக்குக் காரில் 34 என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். பணம் முழுவதையும் கட்டி வண்டியை எடுத்த நாளன்று போர்ட் லூயிஸில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வாக்வாவில் இருந்த வீட்டுக்கு ஏறியபோது அதே திரை 13 என்று காட்டியது.

கியூர்பிப் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் கடல் மட்டத்தில். நடுவில் இருப்பது சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவுதான். அந்த இறக்கத்தில் ஹைபிரிட் வண்டி பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டுத் தன் எடையிலேயே உருண்டு வரும், பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். செலவே இல்லாத பயணத்தைச் செலவுக் கணக்கில் எழுதினால் 34 என்ன, அதற்கு மேலும் காட்டும். திரை பொய் சொல்லவில்லை. எங்கிருந்து எதுவரை என்று நான்தான் கேட்கவில்லை. ஆகவே உங்களுக்கு அந்த 31ஐக் காட்டியவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அது எத்தனை கிலோமீட்டர் ஓடிய சராசரி, எந்தச் சாலையில் ஓடியது என்பதைத்தான். பத்து கிலோமீட்டர் சராசரியைப் பெரிதுபடுத்தி மகிழ வேண்டாம்.

விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்வா 2011 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது ஜே.சி.08 என்ற அந்நாட்டுச் சோதனை முறைப்படி லிட்டருக்கு 35.4 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அது உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி போடாமல், குறித்த வேகத்தில் எடுத்த கணக்கு. இங்கே கோடையான ஜனவரி மாதத்தில் போர்ட் லூயிஸ் வெயிலில் நின்று நின்று நகரும் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹைபிரிட்டில் ஏசி மின்சாரத்திலேயே ஓடுவதால் சிக்னலில் நின்றாலும் குளிர்ச்சி குறையாது. ஆனால் பேட்டரி இறங்கியதும் அதை நிரப்புவதற்காகவே எஞ்சின் எழுந்துகொள்ளும். எனக்கு ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இருபது, இருபத்தொன்று கிடைத்தது. அதுவே பழைய காரைவிட எவ்வளவோ மேல், நான் குறைகூறவில்லை.

திரைக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் இடையிலும் சிறிய வேறுபாடு இருக்கும். தொட்டியைக் குழாய் தானாக முதன்முறை நிற்கும் வரை நிரப்புங்கள், பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், அடுத்த முறையும் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை 640 கிலோமீட்டருக்கு 31.2 லிட்டர் பிடித்தது, அதாவது 20.5; திரையோ 21.8 என்று சொல்லிக்கொண்டிருந்தது. வண்டிகள் தங்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதைப் போல. மலிவாக எங்கே கிடைக்கும் என்று பெட்ரோல் நிலையங்களைத் தேடி அலைய வேண்டாம். அரசு நிர்ணயித்த ஒரே விலைதான் தீவு முழுவதும்.

இன்னொன்று. ஜப்பானிலிருந்து வரும் வண்டி நம் ஊர் வழக்கப்படியே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். புதிதாக வாங்கும் வண்டிகள் சிலவற்றில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும், அங்கே எண் குறைந்தால்தான் நல்லது. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், இவ்வளவு பணம் கொட்டி வாங்கிய வண்டி ஐந்துதான் கொடுக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நடந்தே வந்திருக்கலாம் என்று கோயில் வாசலில் புலம்பினார். நூறுக்கு ஐந்து என்றால் லிட்டருக்கு இருபது என்று விளக்கினேன். அடுத்த ஆண்டு அதே வாசலில் எல்லோருக்கும் அவரே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நம்மவர்களில் இப்படி ஒரு கூட்டம் உண்டு, முதல் ஆறு மாதம் நாட்டைக் குறை சொல்வார்கள், ஏழாவது மாதம் வல்லுநராகிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

திரையில் எஞ்சின், பேட்டரி, சக்கரம் என்று படம் வரைந்து அம்புக்குறிகள் ஓடுமே, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எச்சரிக்க வேண்டிய இடம் அதுதான். புதிதில் அதைப் பார்ப்பது சீரியல் பார்ப்பதைப் போல் ஆகிவிடும், கண் சாலையில் இருக்காது. இந்த ஊர்ச் சாலைகளில் ரவுண்டானாக்கள் அதிகம், வலப்பக்கம் வருபவருக்கு முன்னுரிமை, நம் ஊரில் செய்வதைப் போல மூக்கை நுழைத்தவர் முதலில் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓடும்போது அம்புகளை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகு, மைலேஜை ஐந்து நிமிடத்துக்கு ஒரு கம்பமாக வரைந்து வைத்திருக்கும் பக்கத்தைப் பாருங்கள். முதல் கம்பம் எப்போதும் குட்டையாக இருக்கும், எஞ்சின் சூடாகும் வரை வண்டி பெட்ரோலைக் குடிக்கும், அது நோயன்று. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்து நிமிடம் என்றால் உங்களுக்கு நாள்தோறும் அந்தக் குட்டைக் கம்பம் மட்டும்தான் கிடைக்கும், ஹைபிரிட் வாங்கிய பயன் பாதி போய்விடும்.

நீண்ட இறக்கத்தில் புதியவர்கள் பயப்படும் சங்கதி ஒன்று இருக்கிறது. அக்வாவின் ஹைபிரிட் பேட்டரி முழுக்க நிறைந்தாலும் அதன் கொள்ளளவு ஊரில் மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட்டுக்கும் குறைவு, அதிலும் ஒரு பகுதியைத்தான் வண்டி பயன்படுத்திக்கொள்ளும். கியூர்பிப்பிலிருந்து இறங்கினாலும் சரி, பிளேன் ஷாம்பாஞ் மேட்டிலிருந்து சமாரெல் வழியாகக் கடற்கரைக்கு இறங்கினாலும் சரி, பாதி வழியிலேயே திரையில் கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும். அதற்கு மேல் சேமிக்க இடமில்லாததால், பெட்ரோல் இல்லாமலேயே எஞ்சினைச் சுழலவிட்டு வண்டி தன்னைத் தடுத்துக்கொள்ளும்; திடீரென்று உறுமும். என் மனைவி முதன்முறை கதவைத் திறந்து இறங்கிவிடலாமா என்று கேட்டார். உறுமுவது முறைப்படிதான். கியர்க் கம்பியில் ‘B’ என்று ஓர் எழுத்து இருக்கும், அது பார்க்கிங்குக்கான ‘P’ அன்று, இறக்கத்தில் எஞ்சினால் தடுப்பதற்கான நிலை. சமாரெல் வளைவுகளில் அதைப் போட்டுக்கொண்டால் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகாது. சமவெளியில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள், மைலேஜ்தான் வீணாகும்.

இப்போது வழிகாட்டித் திரை. சுருக்கமாகச் சொன்னால், மாற்ற முடியாது, மாற்றினாலும் பயனில்லை. அது ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்த பெட்டி, அதற்குள் இருப்பது ஜப்பானின் வரைபடம் மட்டுமே. செல்லுமிடத்தின் தொலைபேசி எண்ணை அடித்தால் வழி காட்டும் வசதியெல்லாம் உண்டு, ஆனால் ஒசாகாவின் கடைக்கு. இங்கே உங்கள் காரை அது வெறும் நீலக் கடலில் மிதக்கவிட்டிருக்கும். கடிகாரமும் ஜப்பான் நேரம்தான், நமக்கு ஐந்து மணி முன்னால். வானொலி அங்கே 76லிருந்து தொடங்கி 100க்கு முன்பே முடிந்துவிடுவதால் இங்கே 100ஐத் தாண்டிய அலைவரிசைகள் கிடைக்காது. வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பெண்குரல் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை என்று சொல்கிறது. சுங்கச்சாவடியே இல்லாத தீவில் அதைத் தினமும் கேட்டு, என் மகன் மூன்று வயதிலேயே ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேசினான்.

அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆண்ட்ராய்டு திரை பொருத்துங்கள் என்று பலர் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் சில வண்டிகளில் பின்பக்கக் கேமராவும் எரிபொருள் பக்கங்களும் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் வருகின்றன. கழற்றுவதற்கு முன்னால் எவையெல்லாம் மறையும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை வைத்துக்கொள்வதானால் சிறிய பேட்டரியை, அதாவது 12 வோல்ட் பேட்டரியை, மாற்றும்போது கவனம் தேவை. மின்சாரம் ஒரு நொடி அறுந்தால் போதும், பல பெட்டிகள் பூட்டிக்கொண்டு, வரைபட அட்டையையோ ரகசிய எண்ணையோ கேட்கும். எனக்கு மாற்றிக்கொடுத்த மெக்கானிக் அதை அறியாதவர். இரண்டு மாதம் கருந்திரையோடு ஓட்டினேன். இணைப்புக் கம்பியால் வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் தொடரவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

வழிக்குக் கைபேசி போதும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். குறுக்குவழி என்று கரும்புத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறக்கிவிடும், மழைக்காலத்தில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். புயல் எச்சரிக்கை நாள்களில் போர்ட் லூயிஸின் தாழ்ந்த சாலைகளுக்குள் வரைபடம் சொன்னாலும் நுழையாதீர்கள்: 2013 மார்ச் 30 அன்று பெய்த மழையில் அந்நகரில் 11 பேர் இறந்தார்கள், 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது வண்டிகள் மிதந்து போனதை நாங்களே பார்த்தோம். அப்படி நனைந்த வண்டிகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். பின் இருக்கை ஓரத்தில் ஹைபிரிட் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது, அதற்குள் விரலை விட்டுப் பாருங்கள், மண் ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழையும் கேளுங்கள், அதில் அங்கே பதிவான கிலோமீட்டர் இருக்கும். மீட்டரில் இருப்பது அதைவிடக் குறைவு என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

1996இல் திருப்பூரிலிருந்து பின்னலாடைத் தொழிற்சாலை வேலைக்கு நான் வந்தபோது இந்தத் திரைகள் எதுவும் கிடையாது. காத்ர் போர்னில் வழி தெரியாமல் நின்று, முத்துசாமி என்று பெயர்ப்பலகை இருந்த கடையில் தமிழில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழியான கிரியோலில் பதில் சொன்னார்: தூ த்ருவா (நேரே), ரோன்-புவானில் (ரவுண்டானாவில்) இடது, சீனர் கடை தாண்டி, கரும்பு முடியும் இடத்தில் வலது. கையசைவைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே வழியில் போனால் கரும்பு வெட்டியாகிவிட்டது, முடியும் இடமும் இல்லை, தொடங்கும் இடமும் இல்லை, ஒரு மணி நேரம் சுற்றினேன். அன்றுதான் கிரியோல் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இன்று பெட்ரோல் நிலையத்தில் பெட்ரோல் என்பதற்கு லெசான்ஸ் என்றுதான் வாயில் வருகிறது. இருபது ஆண்டு இருந்தும் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிட்டு, இங்குள்ள தமிழர்களுக்குத் தமிழ் தெரியவில்லை என்று வருத்தப்படுபவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டிக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சராசரியைப் போர்ட் லூயிஸில் பூஜ்யமாக்கி, கியூர்பிப் வரை ஏறி, அங்கே ஒரு தேநீர் குடித்து, அதே வழியில் இறங்குவோம். விற்பவரும் கூட வரட்டும். வரமாட்டேன் என்று அவர் சொன்னால் தேநீரை மட்டும் குடிப்போம்.