பழைய காரின் ஹீற்றர் விசிறி மோட்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். நான் மாற்றியிருக்கிறேன். என்னுடையது 1966ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 1098 சிசி இயந்திரம். லண்டனில் ஹாரோ என்ற பகுதியில் வைத்து ஓடுகிறேன். உங்களுடையதும் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜெர்மன் கார் என்றால் கழற்றும் முறை வேறாக இருக்கும், ஆனால் சோதிக்கும் முறை பெரும்பாலும் இதேதான்.

"பழைய காருக்கு ஹீற்றர் எதற்கு, தடித்த ஜக்கெற் போட்டுக்கொண்டு ஓடினால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹீற்றர் கால் சூட்டுக்கு மட்டும் இல்லை, முன் கண்ணாடிக்கு அதுதான் உயிர். 2019 ஜனவரியில் ஒரு இரவு, உறவினர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு எம்1 நெடுஞ்சாலையில் திரும்பி வந்தோம். காருக்குள் நான்கு பேர், வெளியே மழை. விசிறி கொஞ்ச நேரம் கீச்சிட்டது, அப்புறம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. மனைவி தன் சால்வையால் துடைத்துக்கொண்டே வந்தாள், பின் இருக்கையில் அம்மா தேவாரம் சொல்லத் தொடங்கிவிட்டார். அடுத்த வெளிவழியில் இறங்கி, ஜன்னல்களைத் திறந்து விட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு இங்கே 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் நாமேதான் பார்க்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். மோட்டர் வாங்குவதற்கு முதல் மோட்டர்தான் பிழையா என்று பாருங்கள். மொரிஸ் மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான். ஹீற்றருக்கு வரும் பச்சை வயர், சாவி போட்டதும் மின் வருகிற பியூஸிலிருந்து வருவது. பியூஸ் நன்றாக இருந்தும் அதைப் பிடிக்கிற பித்தளைக் கவ்வியில் பச்சை பிடித்திருக்கும். வயர்கள் இணைகிற குண்டு முனைகளிலும் அப்படித்தான். கறுப்பு வயர் காரின் உடலில் பூட்டப்படும் இடத்தில் கறள் இருக்கும். இந்த மூன்று இடத்தையும் உப்புத்தாளால் சுரண்டிவிட்டு ஒரு முறை போட்டுப் பாருங்கள். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பியூஸ் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்து லூக்காஸ் கம்பனிப் பியூஸில் 35 அம்பியர் என்று எழுதியிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய பியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. இரண்டும் ஒன்று என்று நினைத்து இன்றைய 35ஐப் போட்டால், பியூஸ் எரிவதற்கு முதல் வயர் எரியும்.

அதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால் மோட்டரின் இரண்டு வயரையும் கழற்றி நேரே பற்றறியில் தொட்டுப் பாருங்கள். என்னுடையது ஒரு துடிப்புத் துடித்து நின்றது. கையால் சுற்றிவிட்டால் ஓடும், விட்டால் நிற்கும். சுற்றுகிற பகுதிக்கு மின் கொடுக்கிற காபன் பிரஷ் தேய்ந்து, அச்சைத் தாங்குகிற புஷ்ஷும் காய்ந்துபோயிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு அதுவும் இல்லை. புது மோட்டர் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தேன்.

கழற்றுவது கஷ்டமான வேலை இல்லை, பொறுமை வேண்டிய வேலை. ஹீற்றர் பெட்டி டாஷ்போட்டுக்குக் கீழே, இயந்திரத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் பூட்டியிருக்கும். இயந்திரத்தின் மேல்பகுதியான சிலிண்டர் தலையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குழாய்த்திறப்பு இருக்கிறது. வெந்நீர் ஹீற்றருக்கு அதன் வழியாகத்தான் போகிறது. இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு அதை மூடி, தண்ணீரை வடித்து, இரண்டு றப்பர் குழாய்களையும் கழற்ற வேண்டும். அறுபது வருடப் பித்தளை முனையில் ஒட்டியிருக்கும் றப்பரை முறுக்கி இழுக்காதீர்கள். முனை வளைந்தால் ஹீற்றருக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றரே போய்விடும். கத்தியால் நெடுக்காகக் கீறி உரித்துவிட்டுப் புதுக் குழாய் போடுங்கள், அதற்குப் பெரிய காசு ஆகாது. வடித்த தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். உறைதடுப்புத் திரவம் இனிப்பாக இருக்கும், பூனை குடித்தால் செத்துப்போகும்.

புது மோட்டரைப் பூட்டி, எல்லாவற்றையும் திருப்பி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். சத்தம் நன்றாக வந்தது. காற்று மட்டும் வரவில்லை. வரவே இல்லை என்று சொல்ல முடியாது, வாயால் ஊதுகிற அளவு வந்தது. உள் ரேடியேற்றர் அடைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவினேன். பழுப்பு நிறத்தில் சேறு வந்தது. பூட்டினேன், பழையபடிதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். போனற்றைத் திறந்துகூடப் பார்க்காமல், "இந்தக் கார்களின் ஹீற்றர் எல்லாம் இப்படித்தான், பேசாமல் விற்றுவிடு" என்றார் ஒருவர். அந்தச் சொல் இன்னும் மனதில் இருக்கிறது.

மூன்றாவது வாரம் பெரியப்பாவின் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். பெட்டியின் வாய்க்குள் ரோச் அடித்துப் பார்த்தார். சுவிட்சைப் போடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், அது ஓய்ந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, விசிறி மறுபக்கம் சுத்துது. எந்த வயரை எதில குடுத்தனீ?"

புது மோட்டரில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. நான் சிவப்பை மின் வருகிற பச்சையில் கொடுத்து, கறுப்பைக் காரின் உடலில் பூட்டியிருந்தேன். இன்றைய கார் என்றால் அது சரி. ஆனால் மொரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பற்றறியின் நேர்முனை உடலோடு பூட்டப்பட்ட கார். அதில் சுவிட்ச் வழியாக வருவது எதிர்முனை. பழைய மோட்டர்கள் சிலவற்றில் காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் இருக்கும், அவை எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டர் அப்படி இல்லை, முனை மாறினால் சுற்றும் பக்கமும் மாறும்.

விசிறி மறுபக்கம் சுற்றினால் காற்றை உள்ளே இழுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேசை விசிறிக்கு அது சரி. இந்த ஹீற்றரில் இருப்பது உருளை மாதிரியான சக்கரம், அதன் விளிம்பு முழுக்க வளைந்த சின்னத் தகடுகள். எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை வெளியேதான் தள்ளும், ஆனால் மறுபக்கம் சுற்றினால் தகட்டின் வளைவு பிழையாகிக் காற்று மிகவும் குறைந்துவிடும். அதனால்தான் சத்தம் சரியாக இருக்கும், காற்று இருக்காது, பிழை எங்கே என்று பிடிபடாது. அண்ணை இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தார். டாஷ்போட்டில் வைத்திருந்த பற்றுச்சீட்டு பின் இருக்கைக்குப் பறந்தது.

மாற்றுவதற்கு முதல் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டரின் இரும்பு உடலுக்கும் இரண்டு வயருக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள். ஒரு வயர் உடலோடு சேர்ந்திருந்தால் இப்படி மாற்றிக் கொடுக்க முடியாது. பியூஸ் போய்விடும்.

இந்த அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றினால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலைச் சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புது உதிரிப்பாகம் ஒன்றும் வராது. அந்தக் கார்களை, எங்கள் அப்பாவின் காரையும் சேர்த்து, ஓட வைத்தவர்களில் அண்ணையும் ஒருவர். நோயாளிகளும் பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்களும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அவர் இங்கே வந்து எத்தனை கராஜ் ஏறி இறங்கினார் தெரியுமா? சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள், இங்கிலீஷ் போதாது என்றார்கள். இருபது வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அதே காலத்தில் தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலை மொரிஸ் மைனருக்கு உடற்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் நாட்டில் செய்த தகட்டை வாங்கினார்கள், எங்கள் நாட்டு மெக்கானிக்கை வேண்டாம் என்றார்கள்.

பழைய கார் புகை கக்குகிறது, சுற்றாடல் கெடுகிறது என்று சிலர் எழுதுவார்கள். நான் வருடத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடுவதில்லை. வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி வாதாட எனக்கு விருப்பமில்லை.

கடைசி வேலை தண்ணீர் நிரப்புவது. சிலிண்டர் தலையில் இருக்கும் குழாய்த்திறப்பை முழுக்கத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் காற்று குமிழியாக வெளியேறும், தண்ணீர் மட்டம் இறங்கும், திரும்ப ஊற்ற வேண்டும். இரண்டும் சுடும்வரை இதைச் செய்யுங்கள்.

உங்கள் கார் என்ன, எந்த வருடம் என்று எழுதினால் இன்னும் சரியாகச் சொல்லலாம். அதற்கு முதல் போனற்றைத் திறந்து, பற்றறியிலிருந்து காரின் உடலுக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையிலிருந்து போகிறது என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே புத்தகத்தில் இருப்பதை நம்பாமல் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.